மலையுச்சியில் ஒரு கணக்கு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிட்டாட்டின்னி என்ற நீண்ட மலைத்தொடர் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை அதன் ஓர் உச்சிப் பாறையில் சிலர் பைனாகுலரும் குறிப்பேடுமாக உட்கார்ந்திருப்பார்கள். குளிருக்கு முன் தெற்கே வலசை போகும் கழுகுகள், பருந்துகள், வல்லூறுகள் ஆகியவற்றை இனம் பிரித்து எண்ணுவதுதான் அவர்கள் வேலை. 'ஹாக் மவுண்டன்' எனப்படும் இந்த இடத்தில் 1934இல் தொடங்கிய கணக்கெடுப்பு, இரண்டாம் உலகப் போர்க்கால இடைவெளி தவிர, இன்றுவரை தொடர்கிறது. இரைகொல்லிப் பறவைகளுக்காக உலகில் மிக நீண்ட காலம் நடந்துவரும் கணக்கெடுப்பு இதுதான்.

அதற்கு முன் அங்கே கேட்டது துப்பாக்கிச் சத்தம். கோழிகளையும் மனிதர்கள் வேட்டையாடும் பறவைகளையும் தின்று தீர்ப்பவை என்று இரைகொல்லிப் பறவைகள்மீது பலருக்கும் கோபம். கோஸ்ஹாக் என்ற பெரிய வைரியைக் கொன்றால் 5 டாலர் வெகுமதி என 1929இல் மாநில அரசே அறிவித்திருந்தது. சுட்டு வீழ்த்தப்பட்ட பறவைகள் வரிசையாகக் கிடப்பதை 1932இல் ரிச்சர்ட் போ (Pough) என்பவர் படம் எடுத்தார். அந்தப் படங்கள் நியூயார்க்கைச் சேர்ந்த ரோசலி எட்ஜை உலுக்கின. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய அவர், 1934இல் அந்த மலையையே குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் பிரவுன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். காவலுக்கு வந்த பிரவுன் பறவைகளை எண்ணவும் தொடங்கினார்.

பறவைகள் இந்த மலையைத் தேடி வரக் காரணம் காற்று. சிறகடித்தே நெடுந்தூரம் பறந்தால் உடலில் சேர்த்த கொழுப்பு விரைவில் கரைந்துவிடும். மலைச்சரிவில் மோதும் காற்று மேலே எழும். சிறகை விரித்தாலே போதும், பறவையை அது தாங்கிச் செல்லும். வெயிலில் சூடான நிலத்திலிருந்தும் வெப்பக் காற்று எழுகிறது. அதில் வட்டமிட்டு உயரம் ஏறி, அங்கிருந்து சறுக்கி, அடுத்த காற்றெழுச்சியைப் பிடிக்கின்றன. கடல்மேல் இந்த வசதி குறைவு. அதனால் பெரும்பாலான இரைகொல்லிகள் கடலைத் தவிர்த்து நிலத்தின் குறுகிய இடைவழிகளில் நெருக்கியடித்துச் செல்கின்றன. கருங்கடலுக்கும் காகசஸ் மலைகளுக்கும் நடுவே ஜார்ஜியாவின் பட்டுமியில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் 10 லட்சத்துக்கும் மேல் கடக்கின்றன. மெக்சிகோவின் வெராக்ரூஸில் இந்த எண்ணிக்கை 40 லட்சத்தைத் தாண்டும்.

இத்தனையை எப்படி எண்ணுவது? கூட்டமாக வட்டமிடும்போது எண்ணினால் குழப்பமே மிஞ்சும். காற்றெழுச்சியின் உச்சிக்கு ஏறியதும் அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கிப் போகும். எண்ணிக்கை அப்போதுதான் தொடங்கும். பெருங்கூட்டமென்றால் பத்துப் பத்தாக, கையில் உள்ள கருவியை அழுத்தி எண்ணுவார்கள். தொலைவில் நிறம் தெரியாது. சிறகின் வடிவம், வாலின் நீளம், சிறகடிக்கும் விதம் ஆகியவற்றால் இனத்தைச் சொல்ல வேண்டும். மேகமற்ற நீலவானம் எண்ணுபவருக்கு எதிரி. வெண்மேகம் பின்னால் இருந்தால் சிறு புள்ளியும் கண்ணில் படும். காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, மேகமூட்டம் எல்லாமே மணிக்கு மணி பதிவாகும்.

இந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. வெண்தலைக் கழுகுக்குத் தலை முழுதும் வெளுக்கச் சுமார் ஐந்து ஆண்டுகள் ஆகும். எனவே இளம் கழுகையும் முதிர்ந்ததையும் பிரித்து எண்ணலாம். 1935–39இல் ஹாக் மவுண்டனில் பதிவான வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளம் கழுகுகள். 1955–59இல் அது 20 சதவீதமாகச் சரிந்தது. 1957இல் முதிர்ந்த 32 கழுகுகளுக்கு ஒரே ஓர் இளம் கழுகுதான். பெரிய கழுகுகள் பறந்துகொண்டிருந்ததால் வெளிப்பார்வைக்குக் குறை தெரியவில்லை. ஆனால் அடுத்த தலைமுறை உருவாகவில்லை. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலில் இந்தக் கணக்கைச் சான்றாக வைத்தார். டிடிடி பூச்சிக்கொல்லி உணவுச் சங்கிலி வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலியச் செய்வது பின்னர் உறுதியானது. 1972இல் அமெரிக்கா டிடிடிக்குத் தடை விதித்தது. எண்ணிக்கை மீண்டது, 2007இல் அழியும் நிலை உயிரினங்களின் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகு நீக்கப்பட்டது.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஓர் ஆண்டு பறவைகள் குறைந்தால், காற்று திசைமாறி அவை வேறு வழியில் போயிருக்கலாம். குளிர் தணிந்ததால் சில பறவைகள் வடக்கிலேயே தங்கிவிட்டிருக்கலாம். அதனால்தான் ஒரே இடம், ஒரே முறை, பல பத்தாண்டுகள் என்பது இந்தத் துறையின் அடிப்படை விதி. பிற இடங்களின் கணக்கோடும் ஒப்பிட்ட பிறகே முடிவு சொல்வார்கள்.

பிரவுன் 1934இல் எண்ணத் தொடங்கியபோது டிடிடி வயல்களுக்கு வந்திருக்கவே இல்லை. எந்த ஆபத்து வரும் என்று தெரியாமல் எழுதிவைத்த எண்களே பின்னாளில் ஆபத்தைக் காட்டிக்கொடுத்தன. நம் ஊர்ப் புல்வெளிகளுக்கும் குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வலசை வருகின்றன. தமிழ்நாட்டில் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பொதுமக்களும் கலந்துகொள்ளலாம். கலந்துகொள்பவர்கள் ஆண்டுதோறும் அதே குளத்துக்கோ புல்வெளிக்கோ போய் எண்ணுங்கள். ஒன்றும் தென்படாத நாளையும் விடாமல் பதிவுசெய்யுங்கள்.