சிக்னல் நிறைந்திருந்தும் பணம் போகாதது ஏன்?

தசராவுக்கு முந்தைய மாலையில் மும்பை தாதர் பூச்சந்தைக்குச் சென்றவர்கள் அந்த நெரிசலை எளிதில் மறக்க மாட்டார்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவெங்கும் செண்டுமல்லி குவியல் குவியலாகக் கிடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மாலையில், வழக்கமாகப் பூ வாங்கும் அம்மாளின் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து 120 ரூபாய் அனுப்பினேன். திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. சிக்னல் கோடுகளோ முழுமையாக நிறைந்திருந்தன. பணம் சென்றதா இல்லையா என்பது எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுமையிழக்கவே, ரொக்கமாக 120 ரூபாய் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். வீடு திரும்பிப் பார்த்தால், முதலில் அனுப்பிய தொகையும் அவர் கணக்கில் வரவாகியிருந்தது. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்ந்த செய்திதான் எங்கள் இருவரையும் வந்தடையவில்லை.

சிக்னல் கோடுகளைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. கோபுரத்தின் குரல் நம் கைபேசிக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன. அதே கோபுரத்தின் முன் இன்னும் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை. யுபிஐ பரிமாற்றம் ஒன்றுக்கு வேண்டிய தரவு மிகச் சிறிது. ஒரு நிமிட வீடியோவுக்குத் தேவைப்படுவதில் அற்பப் பின்னமே. எனினும், பக்கத்தில் ஒருவர் பூச்சந்தையை நேரலையாக ஒளிபரப்பினால், நம் 120 ரூபாயும் அந்தக் காட்சியும் ஒரே வரிசையில்தான் காத்திருக்க வேண்டும். கடையில் தொகையை உரக்க அறிவிக்கும் பேசும் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் அட்டை உண்டு. அதுவும் அதே நெரிசலில் சிக்கிய இன்னொரு கைபேசிதான்.

இந்தச் சிக்கலை வலையமைப்பை நடத்துபவர்கள் நெடுங்காலம் காணாதிருந்ததற்குக் காரணம், அவர்கள் அளந்த பொருள் வேறு. கோபுரம் இயங்குகிறதா, எத்தனை அழைப்புகள் இடையில் அறுந்தன, எவ்வளவு தரவு கடந்தது என்பனவே அவர்களுடைய கணக்கு. பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அக்கணக்கு மையத்துக்குச் செல்லும். சந்தைக் கோபுரம் ஏராளமான தரவைக் கடத்திக்கொண்டிருந்தால் திரையில் பச்சை விளக்கு எரியும். அந்தப் பச்சைக்கு அடியில் எத்தனை பேர் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பது எந்தப் பத்தியிலும் பதிவாகவில்லை.

5ஜி தரநிலைகளை வகுத்த 3ஜிபிபி அமைப்பு இந்த நோக்கையே மாற்ற முயன்றிருக்கிறது. கடத்தப்படும் தரவு எந்தச் சேவைக்குரியது, அச்சேவைக்கு எது இன்றியமையாதது என்பதை வலையமைப்பு அறிந்து நடக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஒவ்வொரு தரவு ஓட்டத்துக்கும் ஒரு தர எண் உண்டு. குரல் அழைப்புக்குரிய எண் 1; கைபேசிக்கும் வலையமைப்பின் மையத்துக்கும் இடையே அது 100 மில்லிவினாடிக்கு மேல் தாமதிக்கலாகாது. தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் ஒருவகைச் செய்திக்கு 10 மில்லிவினாடியே எல்லை. பொதுவான இணையப் பயன்பாட்டுக்கு வழங்கும் 9ஆம் எண்ணுக்கோ 300 மில்லிவினாடி வரை இடமுண்டு. நம் கைபேசியில் செய்யும் பணப்பரிமாற்றம் பொதுவாக இந்தக் கடைசி வரிசையில், திரைப்படங்களோடும் செய்தித்தளங்களோடும் சேர்ந்தே பயணிக்கிறது. இது சற்று வியப்புக்குரியதுதான்.

எண் இட்டால் மட்டும் போதாது. அதன்படி நடக்கிறதா என்று ஓயாமல் அளக்க வேண்டும். இதற்காக 5ஜி மையத்தில் தரவுப் பகுப்பாய்வுக்கென்றே தனியோர் உறுப்பு வகுக்கப்பட்டுள்ளது. வலையமைப்பின் பிற உறுப்புகளிடமிருந்து தகவல் திரட்டி, நடந்ததைப் புள்ளிவிவரமாகவும் நடக்கப்போவதை முன்கணிப்பாகவும் அது தருகிறது. முன்கணிப்பின் அருமை கூட்டத்தில்தான் புரியும். 2025 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை பிரயாக்ராஜில் நடந்த மகா கும்பமேளாவுக்கு, வண்டிகளில் ஏற்றிய தற்காலிகக் கோபுரங்களை நிறுவனங்கள் முன்கூட்டியே கொண்டு நிறுத்தின. நாள் குறித்த விழா என்பதால் அது இயன்றது. தாதர் தெருவிலோ ஒரு மணி நேரத்தில் கூட்டம் திரண்டு, அடுத்த சில மணி நேரத்தில் கலைந்துவிடும். அங்கே வண்டி கொண்டுவர அவகாசமில்லை. நெரிசல் வருமுன்பே அதை உணர்ந்து, அருகிலுள்ள கோபுரங்களுக்குச் சுமையைப் பகிர்ந்தளிப்பதே வழி; அதையும் மனிதக் கை செய்வதற்குள் சந்தை முடிந்துவிடும்.

இன்னொரு வழி, வலையமைப்பையே கூறுபடுத்துவது. 'ஸ்லைஸ்' எனப்படும் இம்முறையில் ஒரே கோபுரம், ஒரே அலைக்கற்றையின் மீது தனித்தனி வலையமைப்புகள் இயங்குவது போன்ற ஏற்பாடு அமைகிறது. ஏடிஎம்களுக்கும் கடைகளின் அட்டைக் கருவிகளுக்கும் ஒரு கூறு, காணொளிக்கு ஒரு கூறு என ஒதுக்கலாம். ஆனால் இதற்குக் கோபுரம் மட்டுமன்றி மையமும் 5ஜியாக இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, ஜியோ முழுமையான 5ஜி மையத்தோடு தொடங்கியது. ஏர்டெல் முதலில் 4ஜி மையத்தைச் சார்ந்து தொடங்கியது. பேசும் பெட்டிகள் பலவும் 4ஜியிலோ அதற்கும் முந்தைய தலைமுறையிலோ இயங்குபவை. ஆகவே, புதிய கோபுரம் எழுந்த மறுநாளே பூக்கார அம்மாளின் பெட்டி தடையின்றிப் பேசும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வலையமைப்பு சேவையை அறிந்துகொள்வதில் நாம் விழிப்போடிருக்க வேண்டிய இடமும் உண்டு. பரிமாற்றம் மறையாக்கம் செய்யப்பட்டே செல்வதால் தொகையோ கணக்கு எண்ணோ வலையமைப்புக்குத் தெரியாது. எனினும், எந்த நேரத்தில், எந்தக் கோபுரத்தின் கீழிருந்து, எந்தச் சேவையை நாடினோம் என்பது அதற்குத் தெரியும். நெரிசலைக் கணிக்க உதவும் அதே பதிவு, ஒருவரின் அன்றாட நடமாட்டத்தையும் வரைந்து காட்டக்கூடும். எனவே, தனிமனிதரைப் பற்றிய விவரத்தை நீக்கித் தொகுப்பாக மட்டும் பயன்படுத்துவதே முறை.

யாருக்கு முன்னுரிமை என்பது இரண்டாவது கேள்வி. 2018இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட இணையச் சமநிலைக் கொள்கையின்படி, ஒரு தளத்தை விரைவுபடுத்தி இன்னொன்றைத் தாமதப்படுத்துவது கூடாது; சிறப்புச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. பணப்பரிமாற்றம் முழுவதையும் ஒரே வகையாகக் கருதி முன்னே விடுவது வேறு. ஒரு நிறுவனத்தின் செயலியை மட்டும் முன்னே விடுவது வேறு. முன்னது நியாயம் என்பது என் கருத்து. பின்னதற்கு இடம் தரலாகாது.

அதுவரை வாடிக்கையாளர்கள் செய்யக்கூடியது சிறிதே. வட்டம் சுழன்றால் உடனே மறுபடியும் அனுப்ப வேண்டாம். செயலியின் பரிமாற்றப் பட்டியலில் நிலையைப் பாருங்கள். கணக்கில் கழிந்த பணம் வணிகருக்குச் சேர்ந்தது உறுதியாகாவிடில், ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி பரிமாற்ற நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது தானே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பணம் உரியவருக்குச் சேர்ந்துவிட்டால் இவ்விதி உதவாது. அது கொடுத்தவரும் பெற்றவரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியது.

இரண்டு நாள் கழித்து அப்பக்கம் சென்றபோது, நான் வாய் திறக்குமுன்பே அந்த அம்மாள் கைபேசியை நீட்டிக் குறுஞ்செய்தியைக் காட்டினார். மீதிக்குப் பூவாகத் தரட்டுமா என்று கேட்டார். தசரா முடிந்துவிட்டதால் பணமாகவே வாங்கிக்கொண்டேன்.