கோடியக்கரையில் கூடாரம்: எப்போது, எங்கே?

மதுரையிலிருந்து கோடியக்கரைக்குக் கூடாரத்தோடு கிளம்புறவங்க முதல்ல பார்க்க வேண்டியது காலண்டர். அக்டோபரில் பூநாரைகளும் உள்ளான்களும் வரத் தொடங்கும். ஆனா அதுவேதான் புயல் பருவமும். 2018 நவம்பர் 16-ல் கஜா கரையைக் கடந்தது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். அதனால் ஜனவரிக் கடைசி, பிப்ரவரிதான் சரி: பறவைகள் இருக்கும், மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும்.

அடுத்தது இடம். நம்ம பக்கம் மழைத்தண்ணி கண்மாய்க்கு ஓடிடும். அங்கே தரை தட்டை. காற்று பலமா அடிச்சா கடல்நீரே சதுப்புக்குள் ஏறிடும். காய்ந்து வெடிச்ச சேற்றுத்தரை உறுதியாத் தெரியும், நம்பாதீங்க. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாம தங்கவும் முடியாது. அனுமதி கிடைக்கலைன்னா வேதாரண்யத்தில் அறை எடுத்துத் தங்கி, காலையில் பறவை பார்க்கப் போறதே நல்லது. குடிதண்ணி கையோடு இருக்கட்டும்.