நெய்தற் புள்ளும் துருவப் பனியும்

பொருளதிகாரம் பயிலும் மாணாக்கர், ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை மனனஞ் செய்தல் வழக்கம். நெய்தலுக்குரிய புள் யாது எனின், கடற்காகம் எனத் தயங்காது விடையிறுப்பர். அந்தக் கடற்காகம் கோடைத் திங்கள்களில் எங்கே உறைகின்றது என வினவினால், உரையாசிரியர் எவரும் நமக்குத் துணைவரார். காடும் மலையும் வயலும் கடலும் பகுத்த நம் முன்னோர் பனிவெளிக்கு ஒரு திணை வகுத்திலர். அவர்க்குப் பனி ஒரு பொழுது, நிலம் அன்று.

2021ஆம் ஆண்டில் மன்னார்க் கரையில் கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ஒரு கடற்காகத்தைப் பிடித்து, செய்மதி வழியாக இருப்பிடம் உணர்த்தும் சிறு கருவியொன்றைப் பூட்டி விடுத்தனர். 'மேகா' எனப் பெயர் பெற்ற அப்புள், இந்தியாவைக் கடந்து வடக்கே சென்று, ரஷ்யாவின் வடவெல்லையிலுள்ள யமால் தீபகற்பத்தை அடைந்தது. பின்னர் மன்னாருக்கே மீண்டது. போக்கும் வரவும் ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். மேகத்தைத் தூது விடுத்த கவிஞரை நினைப்பிக்கும் பெயர்தான். ஆயின் இத்தூது செய்தியோடு திரும்பியும் வந்தது.

மன்னார் வரை போவானேன்? எமது சாகாமத்திலிருந்து திருக்கோவில் வழியே பொத்துவில் நோக்கிச் செல்வோர், இடையிலே கோமாரிக் களப்பைக் காண்பர். இக்கரையோரக் களப்புகளுக்குப் புரட்டாதி தொடங்கிப் பங்குனி ஈறாக வரும் விருந்தினருள் வளைமூக்கு உள்ளான் ஒன்று. எடை ஏறத்தாழ 60 கிராம். நுனி கீழ்நோக்கி வளைந்த அலகினாற் சேற்றைத் துழாவிப் புழுவும் பூச்சியும் உண்ணும். மேலே சாம்பல், கீழே வெண்மை; கண்ணைக் கவரும் அழகு எதுவும் இல்லை. வலசை திரும்புங் காலத்தில் மாத்திரம் அதன் நெஞ்சு செங்கல் நிறம் பூணும். அந்தச் செம்மை நமக்காக அன்று. சைபீரியாவின் வடகோடியில் உள்ள தைமீர் முதலிய பனிவெளிகளில் இணைசேர்வதற்காகப் பூணும் மணக்கோலம் அது.

ஆங்கே யூன் திங்களிற் பனி உருகும். தரையில் அமைத்த கூட்டிலே பெடை நான்கு முட்டையிடும். சேவலோ இணைசேர்ந்த சில நாட்களிலேயே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடும்; அடைகாத்தலும் குஞ்சு பேணலும் பெடையின் தனிக் கடமை. (இவ்வழக்கைப் பற்றிக் கற்பியல் வல்லார் என் சொல்வரோ, அறியேன்.) அக்குஞ்சுகள் பிழைப்பதும் மடிவதும், தாயின் திறத்தால் மட்டும் அமைவதன்று, லெமிங் என்னும் பனிவெளி எலியின் தொகையாலும் அமைவது.

இவ்வெலி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பல்கிப் பெருகும். மறு ஆண்டே அருகிப் போகும். பெருகிய ஆண்டில் துருவ நரியும் பனியாந்தையும் எலியையே உண்டு கொழுத்துத் தம் இனத்தைப் பெருக்கும்; உள்ளானின் கூட்டை நாடா. அருகிய ஆண்டிலோ, பெருகிவிட்ட நரிக்கூட்டம் பசியோடு அலைந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்னும். பருவந் தவறிய குளிரும் குஞ்சுகளைக் கொல்லுமாதலின், இக்கணக்கு எல்லா ஆண்டும் பிசகின்றிப் பொருந்துவதில்லை. எனினும் பெரும்பாலும் பொருந்துகின்றது.

இவ்வுண்மை புலப்பட்ட வகைதான் என்னைப் பெரிதும் வியப்பித்தது. தைமீர் மனிதர் எளிதிற் செல்லவியலாத நாடு. ஆண்டுதோறும் அங்கிருந்து எலிகளை எண்ணுவோர் மிகச் சிலர். ஆயினும் தெற்கே, பறவைகள் குளிர்காலங் கழிக்கும் கரைகளில், இவ்வாண்டு வந்தவற்றுள் இளையவை எத்தனை, முதியவை எத்தனை எனச் சிலர் பொறுமையுடன் எண்ணி எழுதி வந்தனர். ஒல்லாந்தரான ரோசலார் 1979இல் எலிக்கும் உள்ளானுக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினார். 1987இல் சம்மர்ஸ், அண்டர்ஹில் என்னும் இருவர், தெற்கே எண்ணிய பறவைக் கணக்கையும் தைமீரின் எலிக் கணக்கையும் ஒப்புநோக்கி அதனை வலியுறுத்தினர். பனிவெளியில் நிகழ்ந்த கொலையின் கணக்கு, வெயில் காயும் சேற்றங்கரையில் எழுதிக் கிடந்தது என்க.

அக்கணக்கு இப்போது மாறிவருகின்றது. கிரீன்லாந்தின் வடகீழ்ப் பகுதியிலுள்ள சக்கன்பெர்க் என்னும் ஆய்வுநிலையத்தில், 1990களின் நடுப்பகுதி முதல் எலியும் பூவும் பறவையும் பனியும் ஆண்டுதோறும் அளக்கப்படுகின்றன. அங்கே 2000ஆம் ஆண்டளவில் எலியின் ஏற்றவிறக்கச் சுழற்சி குலைந்தது. பனியாந்தை ஈனுதலும் அருகிற்று. உள்ளானுக்கு உறவான செம்மார்புக் கரைப்பறவையொன்றைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. தைமீரிற் பனி முற்பட உருகும் ஆண்டுகளிற் பொரித்த குஞ்சுகள், உணவாகும் பூச்சிகளின் காலத்தைத் தவறவிட்டு, உடல் சிறுத்து, அலகு குறுகி வளர்கின்றன. ஆபிரிக்காவின் மொரித்தேனியாக் கரையை அடைந்தபின், மணலின் ஆழத்திலுள்ள மட்டியை எட்டவியலாமல் மடிகின்றன. வடக்கே விளைந்த குறைக்குத் தெற்கே சாவு. வளைமூக்கு உள்ளானும் 2024இல் உலகப் பட்டியலில் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாகத் தரம் மாற்றப்பட்டது.

இத்தகைய காலத்தில் 2022இல் உக்ரேன் போர் மூண்டது. வடதுருவ நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதி ரஷ்யாவின் வசம். அங்குள்ள நிலையங்களோடு மேனாட்டு ஆராய்ச்சியாளர் கொண்டிருந்த கூட்டுறவு பெரும்பாலும் அறுந்தது. ஓராண்டுக் கணக்கு விடுபட்டால் மறு ஆண்டு அதனை ஈடுசெய்தல் இயலாது. சென்ற கோடையின் எலியை இந்தக் கோடையில் எவர் எண்ணுவர்? எமக்கு இது புதிய துயரன்று. போர்க்காலத்தில் எம்மவர் ஒருவர் தூரநோக்கியும் குறிப்பேடுமாகக் களப்பங்கரையில் நிற்றல், உயிரைப் பணயம் வைக்குங் காரியமாயிருந்தது. அந்த ஆண்டுகளில் இக்கரைக்கு வந்துசென்ற உள்ளான்களுள் எத்தனையை எவர் எண்ணியிருப்பர்?

துருவத்துக் கதவு சாத்தப்பட்டிருக்கையில் தென்கரைக் கணக்குக்கு மதிப்பு மிகுதி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தில் நிகழ்கின்றது. அது நன்று, ஆயின் தை மாதத்தில் இளையதையும் முதியதையும் பிரித்தறிதல் கடினம். புரட்டாதி, ஐப்பசியில் இளம்புள்ளின் இறகுகளில் வெளிறிய விளிம்புகள் செதில்போலத் தெளிவாகத் தோன்றும். நெஞ்சில் மங்கிய மஞ்சள் பூசினாற்போலிருக்கும். வற்றிய களப்பின் ஓரத்தில், ஒரு கூட்டத்துள் நூறு புள்ளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் இளையவை எத்தனை என எண்ணி, நாளும் இடமும் குறித்தல் பத்தாம் வகுப்பு மாணாக்கராலும் ஆகும். வேண்டுவன ஒரு தூரநோக்கி, ஒரு கொப்பி, ஆண்டுதோறும் அதே கரைக்குச் செல்லும் பிடிவாதம். மூன்றாவதுதான் கடையிற் கிடையாது.

கோமாரியிலும் பொத்துவிலிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள பாடசாலைகள் கரைக்கு ஒன்றாகப் பொறுப்பேற்றால், வருகின்ற புரட்டாதியிலேயே முதல் வரியை எழுதிவிடலாம்.