நவஹோ மொழியும் போர்க்கால மறைமொழியும்

கருத்தைப் பிறர்க்குப் புலப்படுத்துவதே மொழியின் முதன்மையான பயன். எனினும், ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு சொற்களை ஆளும் வழக்கமும் பழமையானதே. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' எனவும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' எனவும் வழங்கியதை நம் இலக்கண நூலார் குழூஉக்குறி என வகுத்துக் காட்டினர். இத்தகைய வழக்கு போர்க்களத்திற் பேருதவி புரிந்த வரலாற்றை இரண்டாம் உலகப் போரிற் காண்கின்றோம். அமெரிக்கப் பழங்குடியினராகிய நவஹோ மக்களின் மொழியே அதற்கு அடிப்படையாயிற்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கிலே, அரிசோனா, நியூ மெக்சிக்கோ, யூட்டா ஆகிய மாநிலங்களிற் பரந்து கிடக்கும் வறண்ட நிலம் நவஹோ மக்களின் தாயகம். அவர்கள் தம்மை 'டினே' என்பர். அவர்தம் மொழி அதபாஸ்கன் என்னும் மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. அதன்கண் குரலின் ஏற்றத்தாழ்வு சொல்லின் பொருளையே மாற்றிவிடும். வினைச்சொற்கள் முன்னொட்டுக்கள் பல அடுக்கி வருவன; ஒரு பொருளைக் கையாளுதலைக் குறிக்கும் வினை, அப்பொருள் நீண்டதா, உருண்டதா, துவள்வதா என்பதற்கேற்ப வேறுபடும். இளமையிற் பயிலாதார்க்கு இம்மொழி எளிதில் வசப்படுவதன்று.

பழங்குடி மொழிகளைப் போர்ச் செய்திக்குப் பயன்படுத்துதல் முற்றிலும் புதியதுமன்று. 1918ஆம் ஆண்டிற் பிரான்சுப் போர்முனையிலே சொக்டோ இன வீரர் தம் மொழியிலே தொலைபேசி வழியாகச் செய்தி அனுப்பினர். 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிலிப் ஜோன்ஸ்ரன் என்பார் நவஹோ மொழியை இவ்வாறு பயன்படுத்தலாம் என அமெரிக்க மரீன் படையினர்க்கு எடுத்துரைத்தார். அவர் கிறித்தவ சமயத் தொண்டர் ஒருவரின் மகன். நவஹோ மக்களிடையே வளர்ந்து, அவர் மொழியைப் பேசப் பழகியவர். சோதனையின்போது மூன்று வரிச் செய்தியொன்றை நவஹோ மொழியினர் 20 விநாடியில் மாற்றி அனுப்பி மீண்டும் ஆங்கிலமாக்கினர். அந்நாளைய மறைகுறிப் பொறிகளுக்கு அதே வேலைக்கு 30 நிமிடம் வேண்டியிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் 29 நவஹோ இளைஞர் படையிற் சேர்க்கப்பட்டனர். மறைமொழியை ஆக்கியோர் இவர்களே.

ஈண்டுத் தவறான எண்ணம் ஒன்றை நீக்குதல் வேண்டும். வீரர்கள் தம் தாய்மொழியில் இயல்பாக உரையாடினர், பகைவர்க்கு அது விளங்கவில்லை, அவ்வளவே எனப் பலர் கருதுவர். உண்மை அதுவன்று. அம்மொழிக்குள்ளேயே வேறொரு குழூஉக்குறி அமைக்கப்பட்டது. அஃது இரு கூறுகளையுடையது.

முதலாவது, படைத்துறைச் சொற்கள். புதிய போர்க்கருவிகளுக்கு நவஹோ மொழியிற் பெயரில்லை. ஆகவே, உவமையாகுபெயர் போல, வடிவும் தொழிலும் நோக்கிப் பெயரிட்டனர். 'ஆமை' என்றது கவசத் தாங்கியை. 'இரும்பு மீன்' என்றது நீர்மூழ்கிக் கப்பலை. 'திமிங்கிலம்' என்றது பெரும் போர்க்கப்பலை. 'உருளைக்கிழங்கு' என்றது கைக்குண்டை. அமெரிக்காவை 'நம் தாய்' என்றனர். தொடக்கத்தில் 200 அளவினவாயிருந்த இச்சொற்கள் போர் முடிவில் 400க்கு மேற்பட்டன.

இரண்டாவது, எழுத்துக்கூட்டும் முறை. ஊர்ப்பெயர் போன்றவற்றை ஆங்கில எழுத்துக்களாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் அதனை முதலாகவுடைய ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு, அச்சொல்லின் நவஹோ மொழிபெயர்ப்பைக் கூறினர். 'நேவி' என்னும் சொல்லை அனுப்ப வேண்டின், ஊசி, எறும்பு, வெற்றியாளன், யக்காச் செடி எனத் தம் மொழியிற் சொல்வர். இவற்றின் ஆங்கிலப் பெயர்களாகிய நீடில், ஆன்ற், விக்டர், யக்கா என்பவற்றின் முதலெழுத்துக்கள் கூடி அச்சொல்லாகும். அடிக்கடி வரும் எழுத்தைக் கொண்டு பகைவர் ஊகித்தல் கூடுமாதலின், அத்தகைய எழுத்துக்களுக்குப் பல சொற்கள் வைத்தனர். 'ஏ' என்பதற்கு எறும்பு, அப்பிள், கோடரி என மூன்று. இவை யாவும் மனப்பாடஞ் செய்யப்பட்டன. போர்க்களத்திற்கு ஏடு கொண்டுசெல்லப்படவில்லை.

பிலிப்பைன்சிற் சிறைப்பட்ட நவஹோ வீரர் ஒருவரை யப்பானியர் துன்புறுத்தி, இச்செய்திகளைக் கேட்பித்து விளக்கந் தருமாறு வற்புறுத்தினர். மறைமொழியிற் பயிற்சி பெறாத அவர்க்குத் தனிச்சொற்கள் புரிந்தன, செய்தி புரியவில்லை. மேற்கூறிய இருமடிப் பூட்டின் வன்மைக்கு இதனினும் சான்று வேண்டா.

ஏறத்தாழ 400 நவஹோ வீரர் பசிபிக் போர்முனையில் இப்பணி ஆற்றினர். 1945ஆம் ஆண்டு பெப்ரவரியில் இவோ ஜிமாத் தீவிற் போர் மூண்டபோது, முதல் 48 மணிநேரத்தில் அறுவர் 800க்கு மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றிக் கையாண்டனர். நவஹோ வீரர் இல்லையெனில் அத்தீவைக் கைப்பற்றியிருத்தல் இயலாது என்றார் செய்தித்தொடர்பு அதிகாரியாகிய மேஜர் ஹவார்ட் கொனர்.

ஆசிரியரும் மாணவரும் சிந்தித்தற்குரிய செய்தி இனித்தான் உளது. இவ்வீரருட் பலர் பயின்ற அரசினர் விடுதிப் பள்ளிகளிலே நவஹோ மொழி பேசுதல் குற்றம். பேசிய சிறுவர் வாயைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் தண்டித்தனர். பள்ளி அழிக்க முயன்ற மொழியைக் காத்தவர் வீட்டிலிருந்த தாயரும் பாட்டியருமே. அம்மொழியால் நாட்டைக் காத்து மீண்டவர்க்கோ அரிசோனாவிலும் நியூ மெக்சிக்கோவிலும் 1948 வரை வாக்குரிமையும் கிட்டவில்லை. மறைமொழி இரகசியமாகப் பேணப்பட்டமையால், 1968 வரை தம் தொண்டினை வெளியிற் சொல்லவும் அவர்க்கு உரிமையில்லை. முதல் இருபத்தொன்பதின்மர்க்கு அமெரிக்கக் காங்கிரசின் பொற்பதக்கம் 2001ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. அப்போது அவருள் உயிரோடிருந்தவர் ஐவரே. அவருள் இறுதியானவராகிய செஸ்ரர் நெஸ் 2014ஆம் ஆண்டில் மறைந்தார்.

போரிற் பயன்பட்டமையாலன்றோ அம்மொழி பெருமை பெற்றது என்பார்க்கு ஒன்று கூறுவோம். போர் அதன் பெருமையை உலகிற்கு அறிவித்தது, உண்டாக்கவில்லை. ஆமையையும் எறும்பையும் பெயரிட்டழைத்த குடும்ப வழக்கே மறைமொழிக்கு மூலப்பொருளாயிற்று. இன்று நவஹோ இளைஞரிடையே அம்மொழி பேசுவோர் குறைந்து வருகின்றனர். 1968ஆம் ஆண்டில் அம்மக்கள் தாமே நிறுவிய கல்லூரி அதனைக் கற்பித்து வருகின்றது. மாணாக்கன் வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழியை இகழாது போற்றுதல் பள்ளியின் கடன் என்பதே இவ்வரலாறு நமக்குணர்த்தும் பாடமாகும்.