மரத்தூளும் மூக்கோரத்து இடைவெளியும்

இழைப்புளி ஓட்டினால் சுருள் சுருளாகச் சீவல் விழும். அதை யாரும் மூச்சில் இழுத்துவிட முடியாது. ரம்பத்தால் அறுத்தால் தூள் கொட்டும். அதிலும் பெரும்பகுதி காலடியிலேயே குவிந்துவிடும். வேலை முடியப்போகிற கட்டத்தில் உப்புத்தாளைக் கையில் எடுக்கும்போதுதான் சங்கதி மாறுகிறது. 120 எண் தாளில் ஒட்டியிருக்கும் மணிகளின் சராசரி அளவு சுமார் 125 மைக்ரான். 400 எண் தாளில் 35 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் வரும். அந்த மணிகளின் முனைகள் தம்மைவிடப் பல மடங்கு சிறிய துணுக்குகளை மரத்திலிருந்து சுரண்டி எடுக்கின்றன. மேசை மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாகிறதோ, காற்றில் ஏறும் தூள் அவ்வளவு நைசாகிறது.

நைசான தூளின் குணமே வேறு. அசையாத காற்றில், ஆள் நிற்கும்போது மூக்கு இருக்கிற ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு துகள் தரைக்கு வர எவ்வளவு நேரமாகும்? தண்ணீரின் அடர்த்தி கொண்ட உருண்டைத் துகள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 100 மைக்ரான் துகளுக்கு ஆறு விநாடி போதும். 10 மைக்ரான் துகளுக்கு எட்டு நிமிடம். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய 12 மணி நேரம்! அளவு பத்தில் ஒன்றானால் விழும் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. பட்டறையில் காற்று ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை என்பதால் நடப்பில் இது இன்னும் நீளும். காலையில் சாண்டர் மெஷின் ஓடியிருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே சும்மா உட்கார்ந்து பீடி பிடிப்பவரும் அந்தத் தூளைத்தான் சுவாசிக்கிறார். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருந்து, அதன் வழியே வெயில் சாய்வாக இறங்கினால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மரத்தூள்தானே, இயற்கைப் பொருள்தானே என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அந்த நினைப்பை உடைத்தது இங்கிலாந்தின் ஹை விக்கம் என்ற ஊர். பீச் மரத்தில் நாற்காலி செய்வதற்குப் பேர்போன ஊர் அது. அங்கே காது, மூக்கு, தொண்டை அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்டிடம், மூக்கின் உள்ளறைகளில் வரும் ஓர் அபூர்வப் புற்றுநோயோடு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்தாலே அதிகம் என்கிற நோய் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் மரச்சாமான் தொழிலாளர்கள். டொனால்டு ஆச்சசன் முதலானோருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் இந்தத் தொழிலாளர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம் என்று தெரிந்தது.

அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. முதல் சந்தேகம் வார்னிஷ், பாலிஷ் மீதுதான் விழ வேண்டும். மணமே கொஞ்சம் மிரட்டும் சரக்குகள் அவை. ஆனால் நோய் கண்டவர்கள் பாலிஷ் போட்டவர்கள் அல்ல. இயந்திரத்தில் மரம் அறுத்தவர்களும் நாற்காலி, அலமாரி செய்தவர்களும். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது தூள் ஒன்றுதான். வேலையில் சேர்ந்ததற்கும் நோய் தெரிந்ததற்கும் இடையே பெரும்பாலும் பல பத்தாண்டுகள் ஓடியிருந்தன. நுரையீரலை விட்டுவிட்டு ஏன் மூக்கு? பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களில் பெரும்பாலானவற்றை மூக்கே பிடித்து வைத்துக்கொள்கிறது. நுரையீரலைக் காப்பாற்றும் உறுப்பு அந்தக் காரியத்துக்காகத் தன்னையே விலையாகக் கொடுக்கிறது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் இருக்கும் அதே பட்டியல். கடினமரத் தூள் எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இன்று பிரிட்டனின் விதி.

புற்றுநோய் ஒருபுறம் இருக்கட்டும். மேற்கத்தியச் செஞ்சிடார் மரத்தூளில் இருக்கும் பிளிகேட்டிக் அமிலம் ஆஸ்துமாவைக் கிளப்பும். நம் தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் தரும். எம்.டி.எஃப். பலகையைத் தேய்த்தால் மரத்தோடு அதை ஒட்டியிருக்கும் பிசினும் சேர்ந்தே தூளாகும். பழைய கதவின் பெயின்டைத் தேய்ப்பதாக இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும் என்று எண்ணியே தொடங்க வேண்டும்.

இதற்கெல்லாம் பட்டறையில் வழக்கமான பதில், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்வது. கட்டினவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மனத்தைரியம்தான். துண்டு ஏன் போதாது என்பதைப் புரிந்துகொள்ள, நல்ல முகக்கவசம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதைச் சல்லடை என்று நினைப்பவர்கள் அதிகம்: ஓட்டையைவிடப் பெரிய துகள் நின்றுவிடும், சிறியது புகுந்துவிடும் என்று. உண்மை இதற்கு நேர்மாறான ஒரு விநோதம்.

பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டிய ஓர் என்95 கவசத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பாருங்கள். வெளித்துணி, உள்துணி இரண்டுக்கும் நடுவில், தொட்டால் மெத்தென்று ஒரு வெள்ளை அடுக்கு இருக்கும். பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி, சூடான காற்றால் ஊதி, சில மைக்ரான் தடிமனுள்ள இழைகளாகத் தாறுமாறாகப் படியவிட்டுச் செய்தது அது. இழைகளுக்கு இடையே உள்ள வெளி, அது பிடிக்கும் துகள்களைவிடப் பெரியது. ஆனாலும் பிடிக்கிறது. பெரிய துகள், காற்று இழையைச் சுற்றி வளையும்போது கூடவே வளைய முடியாமல் நேரே போய் மோதுகிறது. மிகச் சிறிய துகளுக்கு வேறு தலைவிதி: காற்றின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடிப்பதால் அது தள்ளாடிக்கொண்டே போகிறது. 1827இல் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் கண்டதும், 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கில் கொண்டுவந்ததும் இந்தத் தள்ளாட்டத்தைத்தான். தள்ளாடுகிற துகள் ஏதாவதொரு இழையில் முட்டிக்கொள்ளும். இந்த அளவுகளில், தொட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே பெரியதும் மாட்டுகிறது, மிகச் சிறியதும் மாட்டுகிறது. தப்பிக்க வாய்ப்புள்ளது நடுத்தரம். நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வடிகட்டிகளை ஆராய்ந்தபோது, பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவு 0.3 மைக்ரான் சுற்றுவட்டாரத்தில் இருப்பதைக் கணித்தார். அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம் என்95க்கு வைக்கும் சோதனையிலும் அந்த அளவையொட்டிய உப்புத்துகள்களையே, நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றில் கலந்து செலுத்துகிறார்கள். அதில் 95 சதவீதத்தைப் பிடித்தால்தான் அந்தப் பெயர். கிட்டத்தட்ட மிக மோசமான எதிரியை வைத்துத் தேர்வு நடத்துவது போலத்தான். மரத்தூளில் பெரும்பகுதி அதைவிடப் பல மடங்கு பெரியது. வடிகட்டிக்கு அது சுலபமான இரை.

இழைகளை இன்னும் நெருக்கி அடைத்தால் இன்னும் நன்றாகப் பிடிக்குமே என்றால், மூச்சு விட முடியாது. இந்தச் சிக்கலை அவிழ்த்தது மின்னூட்டம். 1930களிலேயே டென்மார்க்கின் ஹான்சன் கம்பளி இழைகளில் பிசின் தூளைக் கலந்து மின்னூட்டம் தங்கும் வடிகட்டி செய்தார். 1990களின் தொடக்கத்தில், டென்னசி பல்கலைக்கழகத்தில் இருந்த தைவான்காரர் பீட்டர் சாய், பிளாஸ்டிக் இழைகளில் மின்னூட்டத்தை நெடுநாள் தங்க வைக்கும் முறையை உருவாக்கினார். மின்னூட்டம் பெற்ற இழை, அருகில் போகும் துகளைத் தானே இழுத்துக்கொள்கிறது. அதனால் இழைகளைத் தாராளமாக இடம்விட்டுப் பரப்பலாம். காற்றும் எளிதாகப் போகும், தூளும் நிற்கும். துண்டில் இந்த மின்னூட்டமும் கிடையாது, இத்தனை மெல்லிய இழையும் கிடையாது. என்95ஐச் சோப்பு போட்டுத் துவைத்தாலோ ஸ்பிரிட்டில் நனைத்தாலோ அந்த மின்னூட்டமும் கரைந்துபோகும். துவைத்துக் காயப்போட்ட கவசம் புதிதாகவே தோன்றும், வேலைதான் செய்யாது.

இவ்வளவு நுட்பமான வடிகட்டியையும் தோற்கடிப்பது முகத்துக்கும் கவசத்துக்கும் நடுவிலுள்ள சின்ன இடைவெளி. காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். ஒரு கணக்குப் பார்ப்போம். இழுக்கும் மூச்சில் பத்தில் ஒரு பங்கு மூக்கோரத்து இடுக்கு வழியாக நுழைகிறது என்று வையுங்கள். 99 சதவீதம் பிடிக்கும் உயர்ரகக் கவசமே போட்டிருந்தாலும், வெளியே இருக்கும் தூளில் ஏறக்குறைய 11 சதவீதம் உள்ளே வந்துவிடும். அதைவிட மட்டமான, 95 சதவீதம் மட்டுமே பிடிக்கும் கவசம் நன்றாகப் பொருந்தி, கசிவு 2 சதவீதம்தான் என்றால் உள்ளே வருவது 7 சதவீதம். எண்ணைப் பார்த்து வாங்குபவர் தோற்று, பொருத்தம் பார்த்து வாங்குபவர் ஜெயிக்கிறார்.

இடுக்கு எங்கே இருக்கிறது என்பதைக் கவசமே காட்டிக்கொடுக்கும். ஒரு நாள் தேய்ப்பு வேலை முடிந்து கழற்றியதும் உள்பக்க விளிம்பைப் பாருங்கள். மூக்குத்தண்டின் இருபக்கமும், சில சமயம் தாடைக்குக் கீழும், பழுப்பாக ஒரு தூள்கோடு படிந்திருக்கும். கண்ணாடி அணிபவருக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். மூச்சு விடும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால் மேல்விளிம்பு திறந்திருக்கிறது. போட்டதும் இரு கைகளாலும் பொத்தி, பலமாக மூச்சு விட்டும் இழுத்தும் பார்த்தால் ஓரங்களில் காற்று தட்டுவது தெரியும்.

ஆகையால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது பட்டை. காதில் மாட்டும் வளையத்தைவிட, தலையின் பின்னால் ஒன்றும் பிடரியில் ஒன்றுமாக இரண்டு பட்டை உள்ளது நன்றாக அழுத்தும். மூக்கின் மேல் வளைத்து அமுக்க உலோகத் தகடு வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 9473இன்படி வருபவற்றில் எஃப்.எஃப்.பி.1, 2, 3 என்று மூன்று வகை. தேய்ப்பு வேலைக்கு இரண்டாவதுக்குக் கீழே போக வேண்டாம். மூச்சு வெளியேறும் வால்வு இருந்தால் உள்ளே புழுக்கம் குறையும். நம் சித்திரை வெயிலில் அது ஆடம்பரம் அல்ல, ஏனென்றால் புழுங்கினால் ஆள் கழற்றிவிடுவார். தினமும் இதே வேலை என்றால், சிலிகான் முகப்பும் மாற்றக்கூடிய வடிகட்டியும் உள்ள அரைமுகக் கவசம் வாங்கிவிடுவது உத்தமம். முதலில் பணம் கூடத்தான். ஆனால் முகத்தோடு நன்றாகப் படியும், வருடக்கணக்கில் உழைக்கும்.

தாடிக்காரர்களுக்கு இவை எதுவுமே சரியாகப் படியாது. ரோமத்தின் வழியே காற்று தாராளமாகப் போகும். மழிக்க மனமில்லாதவருக்கு உள்ளது, பேட்டரி விசிறி வடிகட்டிய காற்றை ஊதித் தரும் தளர்வான தலைமூடி வகை. விலை அதிகம். அதற்கு முன்னால், சாண்டரின் வாயிலேயே வேக்குவம் குழாயை மாட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். காற்றில் ஏறாத தூளுக்குக் கவசமே தேவையில்லை. வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றால் சட்டையை ஊதித் தட்டும் பழக்கம், அதுவும் கவசத்தைக் கழற்றிவிட்டுத் தட்டுவது, நாள் முழுதும் காத்ததை ஒரே நிமிடத்தில் வீணாக்கிவிடும்.

கடைசியாக ஒரு குழப்பம். புதுக் கவசம் போட்டும் தேக்கு வாசம் வருகிறதே, ஏமாற்றிவிட்டானா என்று கேட்பார்கள். வாசம் என்பது தனித்தனி மூலக்கூறுகள். தூள் வடிகட்டியில் அவை நிற்காது. அதனால் வாசம் வருவதை வைத்துக் கவசம் மோசம் என்றும் சொல்ல முடியாது, வராததை வைத்து நல்லது என்றும் சொல்ல முடியாது. இதே காரணத்தால்தான் தின்னர் கலந்து லாக்கர் அடிக்கும்போது என்95 ஒன்றுக்கும் உதவாது. அதற்குக் கரித்தூள் வடிகட்டி தனியே வேண்டும், ஜன்னல்களும் திறந்திருக்க வேண்டும்.