பழைய டிராக்டர், டிரெய்லருக்கு 'வின்டேஜ்' எண் வாங்கலாமா? பதிவைப் புதுப்பிக்கும் முறை

முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டிராக்டர்களும் டிரெய்லர்களும் இன்றும் பல கிராமங்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் வேலை பார்த்து, டயர் மாற்றி, துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டி வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்கும் விவசாயிகள், அதன் ஆவணங்களை மட்டும் பெட்டியில் போட்டு மறந்துவிடுகிறார்கள். பயிற்சி முகாம்களில் இது பற்றி இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. "15 வருஷம் முடிஞ்சா வண்டியை இரும்புக்குத்தான் போடணுமா?" என்பது ஒன்று. "50 வருஷ வண்டிக்கு வின்டேஜ் நம்பர் தர்றாங்களாமே, அதை வாங்கிட்டா தொல்லை இல்லையே?" என்பது மற்றொன்று.

இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். காரணங்களையும், செய்ய வேண்டியதையும் பார்ப்போம்.

வின்டேஜ் பதிவு என்றால் என்ன?

பழமையான வாகனங்களைப் பாதுகாப்பதற்காக, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. அதன் முக்கிய அம்சங்கள்:

* முதன்முதலில் பதிவு செய்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும்.
* வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.
* சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வாகனங்களுக்கும், பயணிகள் செல்லும் நான்கு சக்கர வாகனங்களுக்கும் மட்டுமே இது பொருந்தும்.
* விண்ணப்பம் படிவம் 20-இல் தர வேண்டும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.
* ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்தால் மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் எண் கிடைக்கும்.
* கண்காட்சி, பழைய வாகனப் பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுத்துச் செல்லலாம். அன்றாட உபயோகத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டக் கூடாது.

உங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஜீப்போ, காரோ, புல்லட்டோ அசல் நிலையில் இருந்தால் இந்தப் பதிவுக்கு முயற்சி செய்யலாம். டிராக்டரும் டிரெய்லரும் இந்த வகைக்குள் வரமாட்டா. அப்படியே வந்தாலும் விவசாயிக்கு அதனால் பயன் கிடையாது. நெல் மூட்டை ஏற்றவும் கரும்பு இழுக்கவும் கூடாத வண்டியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? உழைக்கும் வண்டிக்குத் தேவை சாதாரணப் பதிவுதான்.

15 ஆண்டு முடிந்தால் என்ன செய்வது?

விவசாய டிராக்டர் 'போக்குவரத்து அல்லாத வாகனம்' என்ற பிரிவில் வருகிறது. இதன் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டி ஓடத் தகுதியாக இருந்தால் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 15 ஆண்டு ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் தமிழ்நாட்டில் உங்கள் டிராக்டரை உடைக்கச் சொல்லும் சட்டம் இல்லை. இதைச் சொல்லிப் பயமுறுத்தி அடிமாட்டு விலைக்கு வண்டி கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம்.

பதிவுக் காலம் முடியும் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். காலதாமதமானால், வழக்கமான கட்டணத்துடன் மாதத்துக்கு 500 ரூபாய் வீதம் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருக்கும். 15 ஆண்டு கடந்த வாகனங்களுக்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டுள்ளது. வண்டியின் வகையையும் வயதையும் பொறுத்துத் தொகை மாறும் என்பதால், பணம் கட்டும் முன் 'பரிவாகன்' இணையதளத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ சரியான தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் தனி வாகனம்

பெரும்பாலான விவசாயிகள் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். "டிரெய்லருக்கு எஞ்சினே இல்லை, அதற்கு எதற்கு ஆர்.சி.?" என்று கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள் டிரெய்லரையும் சேர்த்தே விளக்கம் தருகிறது. எனவே டிரெய்லருக்கும் தனியாகப் பதிவு வேண்டும்.

எண் எழுதுவதில் இரண்டு விஷயங்கள் உண்டு. டிரெய்லரின் சொந்தப் பதிவு எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அதை இழுக்கும் டிராக்டரின் எண் டிரெய்லரின் பின்புறம் தெரிய வேண்டும். சட்டத்தின் 61-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பின்னால் டிராக்டர் எண்ணை எழுதிவிட்டதால் டிரெய்லர் பதிவாகிவிட்டது என்று நினைப்பது தவறு. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் டிரெய்லரை இரவல் வாங்கி இழுக்கும்போதும், பின்னால் தெரிய வேண்டியது உங்கள் டிராக்டரின் எண்தான்.

காப்பீட்டிலும் இதே கதைதான். டிராக்டருக்கு எடுத்த பாலிசி டிரெய்லருக்குத் தானாகப் பொருந்திவிடாது. பாலிசி தாளை எடுத்து, டிரெய்லரின் விவரம் தனியாகக் குறிப்பிடப்பட்டுள்ளதா, அதற்குப் பிரீமியம் கட்டப்பட்டுள்ளதா என்று இன்றே பாருங்கள்.

ஆவணம் இல்லாவிட்டால் என்ன இழப்பு?

பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். காப்பீடு இல்லை என்றால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தைக் கூடச் சமாளித்துவிடலாம். விபத்து நடந்தால்தான் பெரிய சிக்கல்.

இரவில் விளக்கு இல்லாமல் நிற்கும் டிரெய்லரில் இருசக்கர வாகனம் மோதுவதும், ஆட்களை ஏற்றிச் சென்ற டிரெய்லர் கவிழ்வதும் கிராமப்புறங்களில் நடக்கும் விபத்துகள். இழப்பீட்டு வழக்கு வரும்போது, டிரெய்லருக்குப் பதிவு இருந்ததா, காப்பீடு இருந்ததா, அதில் ஆட்கள் ஏன் ஏறினார்கள் என்றுதான் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும். நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பானால், முழுத் தொகையும் வண்டிக்காரர் தலையில் விழும். ஒரு குடும்பத்தின் நிலமே கைமாறக் கூடிய அளவுக்குப் பெரிய தொகை அது.

வெள்ளைத்தாளில் விற்காதீர்கள்

பழைய டிரெய்லரை உறவினருக்கோ ஊர்க்காரருக்கோ வாய்ப்பேச்சில் விற்பது வழக்கமாக உள்ளது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர்; விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். விற்கும்போது படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டு, பெயர் மாற்றம் முடிந்ததை உறுதி செய்யுங்கள்.

அப்பா பெயரில் உள்ள வண்டியை அவர் காலமான பிறகும் அப்படியே ஓட்டுவது இன்னொரு பழக்கம். இறப்பை 30 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

புதுப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை

1. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண்ணை வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். துருவும் பெயின்டும் மூடியிருந்தால் மண்ணெண்ணெய் வைத்துத் துடைத்து எண் தெரியும்படி செய்யுங்கள். அரத்தால் தேய்க்க வேண்டாம்; எண் அழிந்தால் சந்தேகம் வரும்.

2. ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் சான்று பெற்று, படிவம் 26-இல் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பியுங்கள்.

3. வண்டி வாங்கிய கடனை அடைத்துவிட்டாலும், ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்கியிருக்காது. வங்கியிடம் தடையில்லாச் சான்று பெற்று, படிவம் 35 மூலம் நீக்கிக்கொள்ளுங்கள்.

4. டிராக்டர், டிரெய்லர் இரண்டுக்கும் நடப்புக் காப்பீடு எடுங்கள்.

5. ஆய்வுக்குச் செல்லும் முன் பிரேக், முகப்பு விளக்கு, பின் விளக்கு, டயர், கொக்கி, இணைப்புப் பின் ஆகியவற்றைச் சரிபாருங்கள். டிரெய்லரின் பின்புறம் இரண்டு சிவப்புப் பிரதிபலிப்பான்கள் கட்டாயம்.

6. விவசாய உபயோகத்துக்கான வண்டி என்றால் எண் பலகை வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக இருக்க வேண்டும். செங்கல், மணல் என்று வாடகைக்கு ஓட்டும் வண்டி போக்குவரத்து வாகனமாகப் பதிவாக வேண்டும். அதற்கு மஞ்சள் பலகையும் தகுதிச் சான்றும் தேவை.

பட்டறையில் செய்த டிரெய்லர்

ஊர்ப் பட்டறையில் செய்து, ஒருநாளும் பதிவு செய்யாத டிரெய்லர்கள் நிறைய உள்ளன. பதிவுக்கு விற்பனைச் சான்றும், சாலையில் ஓடத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் சான்றும் தேவை. அங்கீகாரம் பெறாத பட்டறையால் இவற்றைத் தர இயலாது. எனவே இத்தகைய டிரெய்லருக்குப் புதுத் தகடும் டயரும் போட்டுச் செலவழிக்கும் முன், மோட்டார் வாகன ஆய்வாளரைச் சந்தித்துப் பதிவுக்கு வழி உண்டா என்று கேளுங்கள். வழி இல்லை என்றால் அதைத் தோட்டத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவோர் முன்பணம் கொடுக்கும் முன்பே, பதிவுக்கான சான்றுகள் கிடைக்குமா என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

அறுவடைக் காலத்தில் வண்டிக்கு ஓய்வு இருக்காது. ஆகவே வேலை குறைந்த மாதங்களிலேயே டிராக்டர், டிரெய்லர் இரண்டின் ஆர்.சி.யையும் காப்பீட்டையும் எடுத்து, முடியும் தேதிகளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்கினால், தாமதக் கட்டணமும் இல்லை, இடைத்தரகரும் தேவையில்லை.