மீண்டும் உருளும் சிறுதேர்

நுழையும்முன்

விளையாட்டுப் பொருள் பழுதடைந்தால் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவது இன்று எளிது. ஆயினும், சில பொருள்களை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. அத்தகைய பொருளொன்றைச் சீரமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள், குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டி விளையாடியதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் பாடியுள்ளார். காயவைத்த உணவைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் தம் காதணியை எறிந்தனர். அக்காதணி சிறுதேரின் வழியைத் தடுத்ததாம்! ஆண்பால் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவத்திற்கும் ‘சிறுதேர்’ என்றே பெயர். அன்றைய தேரின் இடத்தில் இன்று நெகிழி வண்டி உள்ளது. வண்டியை உருட்டி மகிழும் மனம் மாறவில்லை.

புனேயில் என் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி, கோடை விடுமுறை முடிந்து விருதுநகரிலிருந்து திரும்பும்போது ஒரு பொம்மை மகிழுந்தைக் கொண்டுவந்தாள். பொம்மையை அமர்த்தி உருட்டும் நெகிழி வண்டி அது. அவளுடைய தாய் சிறுமியாக இருந்தபோது அதை வைத்து விளையாடினாராம். சிவப்பு வண்ணம் வெளுத்து, ஆங்காங்கே உரிந்திருந்தது. ஒரு சக்கரமும் தொலைந்திருந்தது.

“ஐயா, முழுவதும் தேய்த்துவிட்டுப் புத்தம்புதிதாக வண்ணம் பூசப் போகிறேன்” என்றாள்.

“முதலில் கவிழ்த்துப் பாரம்மா” என்றேன்.

அடிப்பகுதியில், சூடான ஊசியால் கீறிய நான்கு தமிழ் எழுத்துகள் இருந்தன. புனேயில் பிறந்த அவள் அவற்றை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அது அவள் தாயின் பெயர்! அண்டை வீட்டுப் பிள்ளைகளின் பொம்மைகளோடு மாறிவிடாதிருக்கத் தாத்தா எழுதியது என்று வீட்டில் கேட்டு அறிந்தாள். தாத்தா இன்று இல்லை. அவருடைய கையெழுத்தாக அக்குடும்பத்தினரிடம் எஞ்சியிருப்பவை அந்த நான்கு எழுத்துகளே. ஒரு மாலைப்பொழுதுத் தேய்ப்பில் அவை அழிந்துபோயிருக்கும்.

பார்த்தலும் குறித்தலும்

ஆகவே, எதை மாற்றக்கூடாது என்று முடிவு செய்வதே சீரமைப்பின் முதற்படி. வண்டியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். பெயர், ஆண்டு, செய்தவரின் முத்திரை, பழைய ஒட்டுப்படம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேலை தொடங்கும் முன்னரே ஒளிப்படம் எடுத்துக்கொள்வது நன்று.

கழற்றுதலும் கழுவுதலும்

திருகாணிகளைத் திருப்புளியால் கழற்றி ஒரு கிண்ணத்தில் இடுங்கள். பாகங்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் துலக்குங்கள். கொதிநீரைப் பயன்படுத்தினால் நெகிழி வளைந்துவிடும். நகப்பூச்சை நீக்கும் நீர்மத்தையும் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள அசிட்டோன் சிலவகை நெகிழிகளைக் கரைத்துவிடும்.

நெகிழியை அறிதல்

எல்லா நெகிழியிலும் வண்ணம் ஒட்டாது. இதனை ஓர் எளிய சோதனையால் அறியலாம். உடைந்த சிறு துண்டொன்றை நீரில் அமிழ்த்தி, அதில் ஒட்டிய காற்றுக்குமிழிகளை விரலால் நீக்கிவிட்டுக் கையை எடுங்கள். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகிய நெகிழிகள் நீரைவிட அடர்த்தி குறைந்தவை, எனவே மிதக்கும். அவற்றின் மேற்பரப்பு மெழுகு போன்றது. அதில் பூசிய வண்ணம் விரைவில் உரிந்துவிடும். ஏ.பி.எஸ்., பாலிஸ்டைரீன் ஆகியவை மூழ்கும். அவற்றில் வண்ணம் நன்கு பற்றும். மாணவியின் வண்டியில் உடற்பகுதித் துண்டு மூழ்கியது, சக்கரம் மிதந்தது. ஆதலால், உடற்பகுதிக்கு மட்டும் வண்ணம் பூசுவதென முடிவு செய்தோம்.

தேய்த்தலும் பூசுதலும்

நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. மேற்பரப்பு சற்றே சொரசொரப்பானால்தான் வண்ணம் பற்றும். ஓர் எச்சரிக்கை: பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் வெளியான விதிகள், வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்குக்குள் வரையறுத்துள்ளன. ஆகையால், பழைய வண்ணத்தைத் தேய்க்கும் வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். பொருள்களை வாயில் வைக்கும் சிறு குழந்தையிடம் இத்தகைய வண்டியைக் கொடுக்கவே கூடாது.

எழுத்துகள் உள்ள இடத்தைக் காகித நாடாவால் மறைத்தோம். நெகிழிக்குரிய அடிப்பூச்சைப் பூசி உலரவிட்டோம். பின்னர், நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய பூச்சாக மூன்று முறை பூசினோம். கனமாக ஒரே முறை பூசினால் வண்ணம் வழியும். அது சூன் மாதம். புனேயில் மழை தொடங்கியிருந்தது. காற்றில் ஈரம் மிகுந்திருந்ததால் ஒவ்வொரு பூச்சும் உலரும்வரை ஒரு நாள் பொறுத்திருந்தோம்.

தொலைந்த சக்கரம்

புனேயிலுள்ள ஐயூக்கா வானியல் மையத்தின் சிறுவர் அறிவியல் கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் அரவிந்த் குப்தா. எறியும் பொருள்களைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்பித்த இவர், 2018ஆம் ஆண்டு பத்மசிறீ விருது பெற்றார். அவர் காட்டிய வழியில், தண்ணீர்க் குப்பியின் நீலநிற மூடியைச் சக்கரமாக்கினோம். மூடியும் நீரில் மிதக்கும் நெகிழியே. எனவே அதற்கு வண்ணம் பூசவில்லை. மூன்று கறுப்புச் சக்கரங்களோடு ஒரு நீலச் சக்கரமும் அமைந்தது. அருங்காட்சியகங்களில் பழம்பொருள்களைச் சீரமைப்போரும், புதிதாகச் சேர்த்த பகுதி கூர்ந்து நோக்குவோர்க்குத் தெரியுமாறும், வேண்டும்போது நீக்க இயலுமாறும் அமைய வேண்டும் என்பர்.

வாய்ப்பிருந்தால், புனேயிலுள்ள ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தைச் சென்று காணுங்கள். தினகர் கங்காதர் கேல்கர், இளம் வயதிலேயே இறந்த தம் மகன் ராஜாவின் பெயரை அதற்குச் சூட்டினார். அங்கே விளக்குகளும் பாக்குவெட்டிகளும் சீப்புகளும் உள்ளன. யாரோ நாள்தோறும் கையாண்ட எளிய பொருள்கள் அவை.

வண்டி உலர்ந்ததும் மாணவி அதை வீட்டிற்கு எடுத்துச் சென்றாள். மறுநாள் வந்து சொன்னாள்: “ஐயா, அம்மா புது வண்ணத்தைப் பார்க்கவே இல்லை. வண்டியைக் கவிழ்த்து, அந்த எழுத்துகளைத்தான் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.”

சிந்தித்து எழுதுக

1. மாணவி சக்கரங்களுக்கு வண்ணம் பூசாமைக்குக் காரணம் யாது?
2. நீலச் சக்கரத்திற்குப் பதில் கறுப்புச் சக்கரமே பொருத்தியிருக்கலாமா? உம் கருத்தை எழுதுக.
3. ஊரிலிருந்து உம் குடும்பத்தார் கொண்டுவந்த பழைய பொருள் ஒன்றன் வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.